பின்பக்க பம்பரும் 52-ஆம் பிரிவும்

வண்டியின் முன்பக்கம் கம்பெனிக்காரனுக்கு, பின்பக்கம் ஊர்க்காரனுக்கு. இந்தியாவில் லாரியும் பஸ்ஸும் ஓட ஆரம்பித்ததிலிருந்து வெகு காலத்துக்கு இதுதான் எழுதாத சட்டம். கம்பெனி இஞ்சினும் சேஸிஸும் தரும். மிச்சத்தை ஊரில் இருக்கிற ஆசாரியும் வெல்டரும் பார்த்துக் கொள்வார்கள். அந்தப் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்க்காரன் கையை விட்டுப் போன கதைதான் இந்தப் பதிவு. (இங்கே பதிவு என்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவு இல்லை. அது பின்னால் வரும் :-))

இதைத் தேடிப் படிக்க வைத்தவர் எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்குக் காய்கறி கொண்டு வருகிற பழைய பிக்கப் வைத்திருக்கிறார். பின்னால் வந்த லாரி இடித்ததில் பம்பர் மடங்கி விட்டது. அதே மாடலுக்கான பம்பர் எங்கேயும் இல்லை. அதே வண்டியின் புது மாடலுக்கு வருகிற பம்பர் கிடைக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "சாரே, இது கேறும். பிராக்கெட் மாத்ரம் மாற்றணம்" என்று சொல்லிவிட்டார். வண்டி மேல் எங்கள் கடன் பாக்கி இருப்பதால் என்னிடம் கேட்க வந்தார். அவருடைய கேள்விகள் மூன்று. போடலாமா? எஃப்.சி.யில் (இந்த ஊரில் சி.எஃப். என்பார்கள்) தடுப்பார்களா? இன்சூரன்ஸ் பணம் வருமா?

மூன்றும் நியாயமான கேள்விகள். வண்டி ஒரு வாரம் நின்றால் அவருக்கு ஒரு வாரம் வருமானம் இல்லை, எனக்கு ஒரு தவணை சந்தேகம். பி.காம். படித்தவனுக்கு பம்பரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனால் சட்டம், பாலிசி, கடன் ஒப்பந்தம் மூன்றையும் பிரித்துப் படித்தால் கதை 1938-க்குப் போகிறது. அதுவும் இதே ஊருக்கு.

சாக்கையில் கட்டிய பஸ்கள்

திருவிதாங்கூர் சமஸ்தானம் சொந்தமாக பஸ் விட முடிவு செய்தபோது, லண்டன் பாசஞ்சர் டிரான்ஸ்போர்ட் போர்டில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் என்பவரைக் கூட்டி வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவை 60 காமர் சேஸிஸ்கள், பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினோடு. கவனியுங்கள், வந்தது பஸ் இல்லை, சேஸிஸ். பாடியை சால்ட்டரின் மேற்பார்வையில் சமஸ்தானத்து மெக்கானிக்குகளே கட்டினார்கள். பட்டறை இன்றைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கையில் இருந்தது. பிற்பாடு பாப்பனங்கோட்டுக்குப் போனது. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா துவக்கி வைத்தார். மறுநாளே திருவனந்தபுரம் - நாகர்கோவில் பஸ் ஓட ஆரம்பித்தது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது என்பதை நம்மவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த சேவையின் வாரிசுதான் இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம்.

ஆக, இந்த ஊரில் ஓடிய முதல் அரசு பஸ்ஸிலேயே பின்பாதி உள்ளூர்க்காரன் கைவேலை. "தயாரிப்பாளர் குறிப்பிட்ட வடிவம்" என்று எதைச் சொல்வது? சேஸிஸ் செய்தவன் இங்கிலாந்தில், பாடி கட்டியவன் சாக்கையில்.

இது திருவிதாங்கூரின் தனி வழக்கமும் அல்ல. எங்கள் ஊர் கரூர். பஸ் பாடி கட்டுவது அங்கே ஒரு முழுத் தொழில். பக்கத்தில் நாமக்கல்லில் லாரி பாடி. கூரை இல்லாத வெறும் சேஸிஸில், தலைக்குத் துண்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டிக் கொண்டு, மரப் பலகை மேல் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் ஓட்டி வரும் டிரைவரைப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. பட்டறைக்குப் போய் இரண்டு மாதம் கழித்து அது வண்டியாக வெளியே வரும். பின் பம்பர் எத்தனை அங்குலம், எந்தக் கம்பி, எந்தப் பெயிண்ட் என்பதெல்லாம் முதலாளியும் பட்டறைக்காரரும் டீக்கடையில் பேசி முடிவு செய்கிற விஷயம்.

மாறாத காரும் மாறிய உதிரியும்

காரிலும் வேறொரு காரணத்தால் இதே சுதந்திரம் இருந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-இல் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை வைத்து அம்பாசடரை ஆரம்பித்தது. மார்க் 2, 3, 4, நோவா என்று பெயர் மாறிக் கொண்டே போனாலும் ஆளைப் பார்த்தால் அதே ஆள்தான். முகப்பு ஜாலியும் டேஷ்போர்டும் மாறும், உடம்பு மாறாது. 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும் வரை இதே கதை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் புது கார் வாங்க வருஷக் கணக்கில் காத்திருந்த தேசத்தில், பழைய வண்டிக்குப் புது மாடல் உதிரி போடுவது ஃபேஷன் இல்லை, பிழைப்பு. சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம், டில்லி மாயாபுரி எல்லாம் அந்தப் பிழைப்பில் வளர்ந்த கடைத்தெருக்கள்.

மகிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்ட ஆரம்பித்தது. யுத்த கால ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முழு பம்பரே கிடையாது. நடுவில் இழுவைக் கொக்கி, அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி மாதிரி இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊரில் செய்து போட்டுக் கொள்.

பம்பரின் பூர்வீகம்

இங்கே பம்பரைப் பற்றிக் கொஞ்சம். ரயில் பெட்டிக்கு இருக்கிற 'பஃபர்' மாதிரி காருக்கும் ஒன்று வேண்டுமென்று இங்கிலாந்தில் ஃபிரெடரிக் சிம்ஸ் 1905 வாக்கில் ரப்பர் பம்பர் போட்டுக் காட்டினார். வெகு காலம் அது அலங்காரம், குரோமியப் பூச்சு. சட்டம் அதைத் தொட்டது 1970-களில், அமெரிக்காவில். 1973 மாடல் கார்களிலிருந்து முன் பம்பர் மணிக்கு 5 மைல் வேகத்திலும், பின் பம்பர் இரண்டரை மைல் வேகத்திலும் வருகிற இடியை, விளக்கு மாதிரியான பாதுகாப்புச் சாமான்கள் கெடாமல் தாங்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் பின்பக்கத்துக்கும் 5 மைல். 1982-இல் ரீகன் அரசு இரண்டுக்கும் இரண்டரை மைலாகக் குறைத்தது. இதற்கிடையில் 1972-இல் வந்த ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்து, இரும்பு பம்பரின் காலம் முடிகிறது என்று சொல்லி விட்டது.

இந்த அமெரிக்க விதி கார்களுக்கு மட்டும். பிக்கப்புக்கு இல்லை. அதனால் அங்கே ரொம்ப நாள் பிக்கப்புகளைப் பின் பம்பர் இல்லாமலே விற்றார்கள். வேண்டுமென்றால் கூடுதல் காசு கொடுத்துப் போட்டுக் கொள்ளலாம். பழைய பிக்கப்பில் வேறு வருஷத்து பம்பரை மாட்டுகிற வழக்கம் அங்கே சாதாரணமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடம் ஆரம்பத்திலிருந்தே காலி மனை!

பெரிய லாரிகளில் பின்பக்கக் கம்பி உயிர் விஷயம். 1967 ஜூன் 29-ஆம் தேதி நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டு சென்ற கார் லூசியானாவில் ஒரு டிரெய்லரின் பின்னால் அடியில் புகுந்து, முன் இருக்கையில் இருந்த மூன்று பெரியவர்களும் இறந்தார்கள். டிரெய்லர்களின் பின்னால் தொங்கும் கம்பிக்கு அங்கே அவர் பெயரே நிலைத்து விட்டது. நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 14812 என்ற தர விதி இருக்கிறது. ராத்திரி நேரத்தில் நின்று கொண்டிருக்கும் லாரிக்கு அடியில் பைக்கோ காரோ புகுந்த செய்தியை வாரம் ஒருமுறையாவது படிக்கிற நமக்கு இதன் அருமை தெரியும். பின்பக்கத்தை முழுக்க ஊர்க்காரன் இஷ்டத்துக்கு விட முடியாது என்று அரசாங்கம் சொல்வதில் இருக்கிற நியாயம் இதுதான். அதை மறுக்க முடியாது.

சட்டம் ஏறிய நான்கு படிகள்

இந்தியாவுக்கான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் வந்தது. அடுத்து 1939. அதற்கடுத்து இப்போது இருக்கிற 1988 சட்டம். வண்டியில் மாற்றம் செய்வது பற்றி இவை சொன்னதை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏணி மாதிரி இருக்கிறது.

முதல் படி, 1939. 32-ஆவது பிரிவு. ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறும்படி வண்டியை மாற்றினால், மாற்றிய பிறகு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது, செய், பிறகு சொல்.

இரண்டாம் படி, 1988. 52-ஆவது பிரிவு. மாற்றுவதற்கு முன்பே அறிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். கேள், பிறகு செய். ஆனால் ஒரு சலுகை உண்டு. உதிரிச் சாமான்களைச் சேர்ப்பதாலோ கழற்றுவதாலோ வண்டியின் வெற்று எடை 2 சதவிகிதத்துக்குள் மாறினால் ஒப்புதல் தேவையில்லை. 1,500 கிலோ வண்டியென்றால் 30 கிலோ. எனக்கு இந்த 2 சதவிகிதம் ரொம்பப் பிடித்தது. பம்பரை மாற்றுகிறவனுக்கும் எழுத்தருக்கும் சண்டை வராமல் ஒரு தராசு தீர்த்து வைக்கும்.

மூன்றாம் படி, 2000. அந்த வருஷத் திருத்தத்தில் 52-ஆவது பிரிவையே மாற்றி எழுதினார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2 சதவிகிதம் போய் விட்டது. கேஸ், பேட்டரி மாதிரி வேறு எரிபொருளுக்கு மாறுவதற்குத் தனி வழி வைத்தார்கள். 'மாற்றம்' என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். வண்டியின் அமைப்பில் செய்கிற மாறுதல், அதன் அடிப்படை அம்சத்தை மாற்றுவதாக இருந்தால் அது மாற்றம். இந்த விளக்கத்தை மறந்து விடாதீர்கள், பின்னால் வேண்டும்.

நான்காம் படி, 2019. அந்த வருஷத் திருத்தச் சட்டம் 182-ஏ என்ற பிரிவைக் கொண்டு வந்தது. அனுமதிக்கப்படாத விதத்தில் வண்டியை மாற்றினால், வேறு உதிரியைப் பொருத்துவது உட்பட, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். பம்பருக்கு 5,000, ஹாரனுக்கு 5,000, சைலன்சருக்கு 5,000 என்று பில் போடலாம்.

80 வருஷத்தில் "செய்துவிட்டுச் சொல்" என்பது "செய்யாதே" ஆகி விட்டது.

வழக்கு கேரளத்திலிருந்து

மூன்றாம் படிக்கு உண்மையான அர்த்தம் என்ன என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன வழக்கு கேரளத்திலிருந்து போனதுதான். 1989-ஆம் வருஷத்து கேரள மோட்டார் வாகன விதிகளின்படி, கட்டமைப்பு மாற்றத்துக்கு அனுமதி தரலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மண்டலப் போக்குவரத்து அதிகாரி மேல்முறையீடு செய்தார். 2019 ஜனவரி 9-ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மாநில விதி சட்டத்துக்குக் கீழேதான். தயாரிப்பாளர் குறிப்பிட்டு, ஆர்.சி.யில் ஏறுகிற மூல விவரங்களை மாற்ற முடியாது. இதுதான் சாரம்.

பத்திரிகைகளில் "இனி வண்டியில் எதையும் மாற்றக் கூடாது" என்று தலைப்பு வந்தது. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்களைச் சட்டப்படி மாற்றலாம், அதை ஆர்.சி.யில் ஏற்றிக் கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் தலைப்பு ஓடுகிற வேகத்தில் தீர்ப்பு ஓடுவதில்லையே. அதற்குப் பிறகு இங்கே வண்டி மாற்றம் என்றாலே கெடுபிடிதான். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் ஒரு பயண வேனைப் பிடித்து வைத்த விவகாரம் கேரளம் முழுக்கப் பேசப்பட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம், வண்டியின் முன்னால் போடுகிற கிராஷ் கார்டு, புல் பார் வகையறாக்களை 52-ஆவது பிரிவின் கீழ் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் பலமானது. நடந்து போகிறவன் மேல் பிளாஸ்டிக் பம்பர் இடிப்பதும் இரும்புக் குழாய் இடிப்பதும் ஒன்றல்ல. தவிர, முன்னால் இரும்பு இருந்தால் இடி சேஸிஸுக்குப் போகிற விதம் மாறி, ஏர்பேக் விரிய வேண்டிய நேரக் கணக்கு தப்பும். கம்பெனி போட்ட இடத்தில் வேறு எதுவோ வந்து உட்கார்ந்தால் ஆபத்து யாருக்கு என்பதற்கு இது நல்ல உதாரணம். பாவம், மாட்டியவனுக்கு மட்டும் இல்லை.

அப்படியானால் நம் பிக்கப்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வெற்று எடை, சக்கர இடைவெளி, பாடி வகை, இருக்கை, நிறம், இஞ்சின் எண், சேஸிஸ் எண் எல்லாம் இருக்கும். பம்பருக்கு ஒரு வரி கிடையாது. அமைப்பு மாறாமல், நீளம் கூடாமல், எடை ஏறாமல், அதே கம்பெனி அதே வண்டியின் அடுத்த மாடலுக்குச் செய்த பம்பரை அதே இடத்தில் போல்ட் போட்டு மாட்டினால், அது "அடிப்படை அம்சத்தை மாற்றும் அமைப்பு மாறுதல்" ஆகாது என்பது என் வாசிப்பு. நான் வக்கீல் இல்லை. எஃப்.சி. பார்க்கிற இன்ஸ்பெக்டரின் வாசிப்புதான் அன்றைக்குச் செல்லும். அதனால் அவர் பார்க்கிற விஷயங்களை முன்னாலேயே பார்த்து விடுவது புத்திசாலித்தனம்.

பட்டறையில் விசாரித்துக் குறித்து வைத்தவை இவை:

1. சேஸிஸ் பட்டையில் ஏற்கெனவே இருக்கிற துளைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். துளை பொருந்தவில்லை என்றால் நடுவில் ஒரு பிராக்கெட் செய்து போட வேண்டும். பட்டையின் மேல், கீழ் மடிப்பில் புதிதாகத் துளை போடுவதும், சேஸிஸிலேயே வெல்டிங் வைப்பதும் கூடாது. பாரம் முழுக்க அந்தப் பட்டை மேல்தான். சூட்டில் பலம் இழந்த இடத்தில் பிறகு விரிசல் விடும்.

2. பின்தட்டிக் கதவைக் கீழே மடக்கிப் போட்டுத்தான் காய்கறி மூட்டை இறக்குவார்கள். புது பம்பர் ஆழமாக இருந்தால் கதவு அதில் போய் இடிக்கும். மாட்டுவதற்கு முன் கதவைத் திறந்து பார்க்காமல் போல்ட்டை முறுக்கினால் பிறகு வருத்தம்தான்.

3. பின் நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும். 15 மீட்டரிலிருந்து எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. புது மாடல் பம்பரில் பிளேட்டும் விளக்கும் வேறு இடத்தில் இருந்தால், வயரை நீட்டி, பியூஸோடு சரியாக இணைக்க வேண்டும்.

4. புது மாடலில் பார்க்கிங் சென்சாருக்கென்று வட்டத் துளைகள் இருக்கும். பழைய வண்டியில் அந்த வயரிங்கே இருக்காது. துளையை மூடி போட்டு அடைப்பதோ, தனியாக சென்சார் வாங்கிப் போடுவதோ முதலாளி இஷ்டம். திறந்து விட்டால் மழைக்காலத்தில் சேறு உள்ளே போய்த் தங்கும்.

5. வண்டியின் பின் தொங்கல், அதாவது பின் அச்சைத் தாண்டி நீளுகிற பகுதி, சக்கர இடைவெளியில் 60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பம்பர் மாற்றத்தில் இந்த அளவுக்கு நீளாது என்றாலும் டேப் வைத்து அளந்து எழுதி வைத்துக் கொள்வது நல்லது.

6. பழைய பம்பரைத் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு விடாமல் வைத்திருக்க வேண்டும். சர்வேயர் கேட்பார். உதிரி வாங்கிய பில்லும் வேண்டும்.

பாலிசியில் ஒளிந்திருக்கும் எண் 23

இனி மூன்றாவது கேள்வி. இங்கேதான் பலருக்கு இடி விழும். சரக்கு வண்டிகளின் இன்சூரன்ஸ் பாலிசி, சொந்தக் கார் பாலிசி மாதிரி இல்லை. சரக்கு வண்டியில் விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயிண்ட் ஆகியவற்றுக்கு மட்டும் சேதம் வந்தால், அடிப்படைப் பாலிசி தராது. அதைச் சேர்த்துக் கொள்ள ஐ.எம்.டி. 23 என்ற ஒப்புதலைக் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கியிருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படுகிற ஐட்டங்களில் இதுவும் ஒன்று. நம் வாடிக்கையாளர் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை.

இருந்தாலும் முழுப் பணம் வராது. மோட்டார் டாரிஃப் தேய்மானக் கணக்கில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவிகிதம் கழிப்பார்கள். வண்டி நேற்று வாங்கியதாக இருந்தாலும் 50 தான். இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. முதல் 6 மாதம் ஒன்றும் இல்லை, பிறகு படிப்படியாக ஏறி, 10 வருஷத்துக்கு மேல் 50 சதவிகிதம். இளம் வண்டிக்கு இரும்பு பம்பர் லாபம், கிழட்டு வண்டிக்கு இரண்டும் ஒன்று. தேய்மானப் பட்டியல் என்னவோ கல்லூரியில் மனப்பாடம் செய்ததுதான், அது ஒரு பம்பரில் வந்து நிற்கும் என்று அப்போது யார் கண்டார்கள்!

கடன் விஷயத்தில் சட்டமே ஒரு வரி வைத்திருக்கிறது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் வண்டி வைத்திருப்பவர், பதிவு உரிமையாளரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது 52(5). எங்களுடையது ஹைப்பாதிகேஷன், அதனால் இந்த வரி நேராக வராது. கடன் ஒப்பந்தத்தில் வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. பம்பர் இல்லாமல் ஓடுகிற வண்டியைவிடப் புது மாடல் பம்பரோடு ஓடுகிற வண்டிதான் நல்ல நிலை. கோப்பில் அப்படியே குறிப்பு எழுதி வைத்தேன்.

சட்டம் மறந்த ஒன்று

இத்தனையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இது. "தயாரிப்பாளர் குறிப்பிட்டபடியே வைத்திரு" என்று சட்டம் உரிமையாளரிடம் சொல்கிறது. நல்லது. ஆனால் அப்படியே வைத்திருக்கத் தேவையான உதிரியைத் தயாரிப்பாளர் தொடர்ந்து தர வேண்டாமா? ஒரு கை ஓசை மாதிரி ஆகி விட்டது. மாடல் நின்று சில வருஷத்தில் உதிரி நின்று விடுகிறது. வண்டியோ எஃப்.சி. வாங்கிக் கொண்டு, 8 வயதுக்கு மேல் வருஷா வருஷம் வாங்கிக் கொண்டு, சட்டப்படி ஓடிக் கொண்டிருக்கிறது.

இந்தப் பக்கத்தை யாரும் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம், உதிரிகளையும் ரிப்பேர் விவரங்களையும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக் கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த டிசம்பரில் இணையதளமும் வந்தது. ஆனால் ரிப்பேர் உரிமை பேசுகிற துறை ஒன்று, 52-ஆவது பிரிவைப் பார்க்கிற துறை வேறொன்று. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் நம் பிக்கப் நிற்கிறது.

பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும், தன்னுடைய எந்தப் புது மாடல் உதிரி எந்தப் பழைய மாடலில் பத்திரமாகப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டால் போதும். ஆர்.டி.ஓ. அதைப் பார்த்து ஏற்கலாம், சர்வேயர் அதைப் பார்த்துப் பணம் தரலாம், மெக்கானிக் அதைப் பார்த்து பிராக்கெட் செய்யலாம். பழைய 2 சதவிகிதத் தராசையும் திருப்பிக் கொண்டு வந்தால் இன்னும் நல்லது. உயிருக்கு ஆபத்தான மாற்றத்தையும் பிழைப்புக்கான மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு அளவுகோல் கிடைக்கும். இப்போது இரண்டுக்கும் ஒரே 5,000.

நம் வாடிக்கையாளர் பம்பரைத் தன் கைக்காசில் மாட்டினார். சேஸிஸில் புதுத் துளை இல்லை, வெல்டிங் இல்லை. பில், அளவுகள், பழைய பம்பர் எல்லாம் பத்திரம். எஃப்.சி. அடுத்த மாதம். அடுத்த பாலிசியில் 23-ஐச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சரக்கு வண்டி வைத்திருக்கும் சொந்தபந்தம் யாராவது இருந்தால், அவர்கள் பாலிசியிலும் அந்த எண் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.